கானாவின் பெரிய நிறுவனங்கள் எவை? பங்குச் சந்தைப் பட்டியலில் தங்கமும் கோகோவும் ஏன் முன்னால் இல்லை?

கேள்வி: வணிகவியல் மாணவி

அனைவருக்கும் வணக்கம். முதுகலை வணிகவியல் இறுதிப் பருவத்திற்காக, கானா நாட்டின் பெரிய நிறுவனங்களையும் முக்கியத் தொழில்களையும் பற்றி ஓர் ஆய்வேடு எழுத வேண்டியிருக்கிறது. எங்கள் துறையில் ஆளுக்கொரு ஆப்பிரிக்க நாடாகப் பிரித்துக் கொடுத்ததில் எனக்குக் கானா வந்தது. படிக்கப் படிக்க அந்நாட்டின் மீது உண்மையான ஈடுபாடு பிறந்துவிட்டதால், மதிப்பெண்ணுக்காக மட்டும் எழுதி முடிக்க மனம் வரவில்லை.

தலைநகர் அக்ராவில் உள்ள கானா பங்குச் சந்தையின் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். ஸ்கான்காம் என்ற சட்டப் பெயருடன், எல்லோராலும் எம்டிஎன் கானா என்று அழைக்கப்படும் தொலைத்தொடர்பு நிறுவனம் முன்வரிசையில் நிற்கிறது. அதன் பின் ஜிசிபி, ஈகோபேங்க், ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு முதலிய வங்கிகள், எரிபொருள் நிலையங்களை நடத்தும் நிறுவனங்கள், யூனிலீவர், கின்னஸ் போன்ற நுகர்பொருள் நிறுவனங்கள் வருகின்றன. ஆனால் எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் தங்கம், கோகோ, பெட்ரோலியம் ஆகிய மூன்றும்தான் கானாவின் முதுகெலும்பு என்று எழுதியிருக்கிறது. ஆங்கிலோகோல்டு அசாந்தி, டல்லோ ஆயில் ஆகிய பெயர்கள் பட்டியலில் இருந்தாலும் அவற்றின் பங்குகள் அங்கே பெரிதாகக் கைமாறுவதில்லை. கோகோவுடன் தொடர்புடைய இரண்டு நிறுவனங்கள் பட்டியலின் அடியில் கிடக்கின்றன.

நாட்டைத் தாங்கும் தொழில்கள் வேறாகவும், நாட்டின் பெரிய நிறுவனங்கள் வேறாகவும் தெரிவது ஏன்? எந்த அளவுகோலைக் கொண்டு நான் வரிசைப்படுத்துவது? கானா கிளப் 100 என்ற ஆண்டுத் தரவரிசையை அடிப்படையாகக் கொள்ளலாமா? அறிந்தவர்கள் விளக்கினால் பெரிதும் நன்றியுடையவளாவேன்.

மறுமொழி 1: டெமாவில் பணியாற்றிய கணக்காயர்

உங்கள் குழப்பம் நியாயமானது. டெமா துறைமுக நகரில் சில ஆண்டுகள் கணக்காயராக வேலை பார்த்தவன் என்ற முறையில் தங்கத்தைப் பற்றி எழுதுகிறேன். கோகோவைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

முதலில் கானா கிளப் 100. கானா முதலீட்டு மேம்பாட்டு மையம் 1998 முதல் நடத்திவரும் தரவரிசை அது. தணிக்கை செய்த கணக்குகளை முன்வைத்துப் பங்கேற்கும் நிறுவனங்களையே அது வரிசைப்படுத்துகிறது என்பதால், அதில் இடம்பெறாத ஒரு நிறுவனம் சிறியது என்று முடிவுகட்ட முடியாது. துணைச் சான்றாக வைத்துக்கொள்ளுங்கள், அடித்தளமாக வேண்டாம்.

தங்கச் சுரங்கங்களின் உரிமையாளர்கள் அக்ராவில் இல்லை என்பதுதான் உங்கள் முதல் கேள்விக்கான நேரடி விடை. அகாஃபோ சுரங்கத்தை நடத்தும் நியூமாண்ட் அமெரிக்க நிறுவனம். தார்க்வாவை நடத்தும் கோல்டு ஃபீல்ட்ஸ் தென்னாப்பிரிக்க நிறுவனம். நியூமாண்ட் வசமிருந்த அக்யெம் சுரங்கம் 2025-இல் சீனாவின் சிஜின் நிறுவனத்திற்குக் கைமாறியது. இவற்றின் கானா கிளைகள் பதிவு செய்யப்பட்ட தனி நிறுவனங்களே என்றாலும், அவற்றின் பங்குகள் தாய் நிறுவனத்தின் பெட்டிக்குள் இருப்பதால் உள்ளூர்ச் சந்தையில் விலை சொல்லப்படுவதில்லை. 2006-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின்படி ஒவ்வொரு சுரங்க நிறுவனத்திலும் அரசுக்கு முதலீடு இல்லாமலேயே 10 சதவீதப் பங்கு உண்டு. அதற்கு மேல் உரிமத்தொகையும் வருமான வரியும் வருகின்றன. ஆக, கானா மக்கள் இந்தத் தொழிலில் பங்குதாரர்களாக இருப்பது பெரும்பாலும் அரசின் வழியாகத்தான்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை என்பதையும் உங்கள் ஆய்வேட்டில் எழுத வேண்டும் என்று விரும்புகிறேன். ஒபுவாசியில் 1897-இல் தொடங்கிய அசாந்தி கோல்டுஃபீல்ட்ஸ் நிறுவனத்தில் 1972-இல் கானா அரசு 55 சதவீதப் பங்கை எடுத்துக்கொண்டது. 1994-இல் அது இலண்டனிலும் அக்ராவிலும் பொதுப் பங்கு வெளியிட்டது. 1996-இல் நியூயார்க் பங்குச் சந்தையிலும் இடம்பிடித்தது. ஆப்பிரிக்கத் தலைமையில் இயங்கும் ஒரு நிறுவனம் உலகின் பெரிய சந்தையில் நிற்கிறது என்று கண்டம் முழுவதும் பெருமைப்பட்ட காலம் அது. ஆனால் தங்க விலை மேலும் இறங்கும் என்ற கணிப்பில், வருங்கால விற்பனையை முன்கூட்டியே விலை பேசும் ஒப்பந்தங்களை அந்நிறுவனம் அளவுக்கு மீறிச் செய்துவைத்திருந்தது. 1999 செப்டம்பர் இறுதியில் ஐரோப்பிய மத்திய வங்கிகள் தங்கள் தங்க விற்பனைக்கு வரம்பு வைத்ததாக அறிவித்ததும், அவுன்சு 250 டாலர் சுற்றில் கிடந்த விலை சில நாள்களில் 320 டாலரைத் தாண்டியது. தங்கச் சுரங்கம் வைத்திருப்பவருக்குத் தங்க விலை ஏறுவது நல்ல செய்தியாக இருக்க வேண்டும்; பழைய குறைந்த விலைக்குக் கட்டுண்ட அந்த ஒப்பந்தங்களால் அதுவே கழுத்துக்குக் கத்தியாகிவிட்டது. அதிலிருந்து அந்நிறுவனம் முழுமையாக மீளவில்லை. 2004-இல் தென்னாப்பிரிக்காவின் ஆங்கிலோகோல்டுடன் இணைக்கப்பட்டது. 2023 முதல் அந்த இணைந்த நிறுவனத்தின் முதன்மைப் பங்குப் பட்டியல் நியூயார்க்கில் இருக்கிறது. நீங்கள் அக்ராப் பட்டியலில் கண்ட பெயர் அந்த வரலாற்றின் மிச்சம்.

பெரிய சுரங்கங்களோடு தங்கத்தின் கதை முடிவதில்லை. 2024-இல் கானா ஏறத்தாழ 48 லட்சம் அவுன்சு தங்கம் எடுத்தது; அதில் 40 சதவீதத்திற்கு அருகில் சிறு சுரங்கக்காரர்களிடமிருந்து வந்தது. அவ்வாண்டு ஏற்றுமதி வருமானத்தில் பாதிக்கு மேல், அதாவது 1,100 கோடி டாலருக்கும் கூடுதலாக, தங்கமே ஈட்டியது. இத்தனை பெரிய பங்கைத் தரும் சிறு சுரங்கத் தொழிலுக்கு எந்தப் பங்குச் சந்தையிலும் முகம் கிடையாது. உள்ளூர் வணிகர் கடையில் அது கைமாறும் விதத்தைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். தங்கக் கட்டியை முதலில் வெறும் தட்டில் நிறுப்பார்கள்; பிறகு நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு மீண்டும் நிறுப்பார்கள். இரண்டு எடைகளுக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து அடர்த்தியும், அடர்த்தியிலிருந்து மாற்றும் தெரிந்துவிடும். 7.75 கிராமை அங்கே ஒரு பவுண்டு என்கிறார்கள். நம் ஊர்ப் பவுனைப் போலவே அது கடைக்காரரும் விற்பவரும் மனக்கணக்கில் பேசிக்கொள்ளும் அளவு.

2025-இல் நிறைவேறிய சட்டத்தின் மூலம், சிறு சுரங்கத் தங்கத்தை வாங்கி ஏற்றுமதி செய்யும் தனி உரிமை கோல்டுபாட் என்ற அரசு வாரியத்திற்கு அளிக்கப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரல் இறுதியுடன் உள்ளூர்த் தங்கக் கொள்முதலிலிருந்து வெளிநாட்டவர்கள் விலக வேண்டும் என்றும் உத்தரவாயிற்று. என் கருத்தில், இன்று கானாவின் பெரிய நிறுவனங்களை எழுதுபவர் இந்த வாரியத்தை முதல் சிலவற்றுக்குள் வைக்காமல் இருக்க முடியாது.

கலம்சே என்று அங்கே அழைக்கப்படும் உரிமமற்ற சுரங்க வேலையால் பிரா, ஒஃபின், அங்கோப்ரா ஆறுகள் சேற்று நிறமாகிவிட்டன. பாதரசமும் அவற்றில் கலக்கிறது. தங்க ஏற்றுமதித் தொகையை மட்டும் எழுதிவிட்டு இதை விட்டுவிடாதீர்கள். அந்த ஆற்று நீரைத்தான் குடிநீர் நிலையங்கள் எடுத்துச் சுத்திகரிக்க வேண்டியிருக்கிறது.

மறுமொழி 2: வேளாண் பொருள் தரச் சோதகர்

கணக்காயர் ஐயா தங்கத்தைச் சொல்லிவிட்டார். நான் கோகோவை எடுத்துக்கொள்கிறேன். வேளாண் பொருள்களின் தரச் சோதனையில் பல ஆண்டுகளாக இருப்பதால், கானாவின் கோகோ மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை.

உங்கள் பட்டியலில் அடியில் கிடக்கும் இரண்டு நிறுவனங்கள், கொள்முதல் செய்யும் புரொட்யூஸ் பையிங் கம்பெனியும், கோல்டன் ட்ரீ என்ற சாக்லேட்டைத் தயாரிக்கும் கோகோ பிராசசிங் கம்பெனியும் ஆகும். அவற்றைப் பார்த்துக் கோகோவின் அளவை மதிப்பிடக் கூடாது. கோகோவின் உண்மையான பெரிய நிறுவனம் கோகோபாட் என்ற கானா கோகோ வாரியம். 1947-இல் ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் தொடங்கியது, அரசுக்குச் சொந்தமானது, பங்குச் சந்தைக்கு வராதது. உழவரிடமிருந்து உரிமம் பெற்ற கொள்முதல் நிறுவனங்கள் வாங்கலாம். ஆனால் வாங்கிய மூட்டைகளை வாரியத்திடம்தான் ஒப்படைக்க வேண்டும். வெளிநாட்டிற்கு விற்கும் உரிமை வாரியத்தின் துணை நிறுவனத்திடம் இருக்கிறது. அண்டை நாடான ஐவரி கோஸ்ட் 1990-களின் இறுதியில் தன் பழைய விலை வாரியத்தைக் கலைத்தபோதும் கானா தன் வாரியத்தை விடவில்லை.

இந்த அமைப்பு வெறும் அலுவலகப் பிடிவாதம் அன்று. பறித்த காய்களை உடைத்து, ஈரமான விதைகளை வாழை இலைகளின் மேல் குவித்து, இலைகளாலேயே மூடி, ஆறு நாள்கள் வரை புளிக்கவிடுகிறார்கள். இடையில் குவியலைக் கிளறிப் புரட்டிவிடுகிறார்கள். பிறகு தரைக்கு மேல் உயர்த்திக் கட்டிய மூங்கில் தட்டிகளில் ஒரு வாரமோ அதற்கு மேலோ வெயிலில் உலர்த்துகிறார்கள்; மழை வந்தால் தட்டியைச் சுருட்டிவிடலாம். கொள்முதல் எழுத்தர் ஊரிலேயே எடை போட்டுச் சணல் சாக்கில் கட்டிய பின், வாரியத்தின் தரக் கட்டுப்பாட்டு ஆள்கள் மாதிரி எடுக்கிறார்கள். 300 விதைகளை நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிளந்து வரிசையாகப் பரப்பி, பூஞ்சை பிடித்தவை எத்தனை, சரியாகப் புளிக்காமல் சிலேட்டு நிறத்தில் நிற்பவை எத்தனை என்று எண்ணுவார்கள். ஈரப்பதம் 7.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தேறிய மூட்டைக்குத்தான் முத்திரை. இதே சோதனை துறைமுகத்தில் மீண்டும் நடக்கும். உலகச் சந்தையில் கானாவின் கோகோவுக்குச் சற்றுக் கூடுதல் விலை நெடுங்காலமாகக் கிடைத்துவருவது இந்தக் கட்டுப்பாட்டினால்தான்.

விலை நிர்ணயத்தில்தான் இந்த அமைப்பின் பலமும் பலவீனமும் ஒன்றாகத் தெரிகின்றன. வரப்போகும் விளைச்சலின் பெரும்பகுதியை வாரியம் முன்கூட்டியே விற்றுவந்தது. அந்த ஒப்பந்தங்களைக் காட்டி 1990-களின் தொடக்கம் முதல் 2023-24 பருவம் வரை ஆண்டுதோறும் வெளிநாட்டு வங்கிகளின் கூட்டமைப்பிடம் கடன் வாங்கியது. அந்தப் பணத்தைக் கொண்டு, பெரும்பாலும் பருவம் முழுவதும் ஒரே விலையில் உழவருக்குக் கொடுத்துவந்தது. உலக விலை சரிந்தாலும் அது உழவர் தலையில் உடனே விழாமல் இருந்தது. உலக விலை பாய்ந்து ஏறினால்? அதுதான் 2023-24 பருவத்தில் நடந்தது. 2020-21-இல் 10 லட்சம் டன்னைத் தாண்டிய விளைச்சல், மோசமான வானிலையாலும், மாவுப்பூச்சி பரப்பும் தண்டுவீக்க நச்சுயிரி நோயாலும், தோட்டங்களைச் சுரங்கக்காரர்களுக்கு விற்றுவிட்டதாலும் ஏறத்தாழ 5.3 லட்சம் டன்னுக்கு விழுந்தது. பழைய குறைந்த விலையில் விற்றிருந்த 3 லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட சரக்கை வாரியத்தால் உரிய காலத்தில் கொடுக்க முடியாமல், அடுத்த பருவத்திற்குத் தள்ளிவைக்க நேர்ந்தது. 2024 டிசம்பரில் நியூயார்க்கில் டன் 12,000 டாலரைத் தாண்டியபோது, கானா உழவருக்கு அறிவிக்கப்பட்டிருந்த விலை, அந்நாட்டு நாணயமான சீடியில், டன்னுக்கு 48,000 மட்டத்திலிருந்து சற்றே உயர்த்தப்பட்ட தொகைதான். அன்றைய மாற்று மதிப்பில் அது உலக விலையின் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. எல்லையோர உழவர்கள் மூட்டைகளை இரவோடு இரவாக ஐவரி கோஸ்டுக்கும் டோகோவுக்கும் கடத்தியதில் வியப்பில்லை. அவர்கள் மீது எனக்குக் கோபமும் இல்லை. பின்னர் 2025 இறுதிக்குள் உலக விலை பாதியளவுக்கு இறங்கிவிட்டது.

ஏறத்தாழ 8 லட்சம் உழவர் குடும்பங்கள் இந்தப் பயிரை நம்பியிருக்கின்றன. பெரும்பாலானவர்களுக்குச் சில ஏக்கர் நிலமே உண்டு. அதிலும் பலர் நில உரிமையாளருக்குப் பங்கு கொடுத்துப் பயிரிடுபவர்கள். டெமாவில் கார்கில், பாரி காலபோ போன்ற பன்னாட்டு நிறுவனங்கள் அரைவை ஆலைகளை வைத்து, விதையைக் கோகோக் கூழாகவும் வெண்ணெயாகவும் மாற்றி அனுப்புகின்றன. விளைச்சலில் பாதியையாவது உள்நாட்டிலேயே பதப்படுத்த வேண்டும் என்று அரசுகள் மாறி மாறிச் சொல்லிவந்தாலும் அந்த இலக்கு இன்னும் தொலைவில்தான் இருக்கிறது. என்னைக் கேட்டால், கோகோ பிராசசிங் கம்பெனி ஏன் பல ஆண்டுகளாக நட்டத்திலும் கடனிலும் தத்தளிக்கிறது என்ற ஒரு கேள்வியை எடுத்தாலே உங்களுக்கு முழு ஆய்வேடு கிடைத்துவிடும். தன் நாட்டின் விதையை உலக விலைக்கு வாங்க வேண்டிய நிலையில், பெரும் முதலீடு தேவைப்படும் தொழிலை அது சொற்ப மூலதனத்துடன் நடத்துகிறது.

மறுமொழி 3: வங்கித்துறை ஊழியர்

முந்தைய இரு மறுமொழிகளும் பட்டியலில் இல்லாதவற்றைச் சொல்லின. பட்டியலில் இருப்பவற்றைக் குறைவாக மதிப்பிட்டுவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

எம்டிஎன் கானா முதலிடத்தில் இருப்பது பங்குச் சந்தையின் கோளாறு இல்லை. கானாவில் மொபைல் பணம் என்பது வங்கிக்குத் துணையாக வந்த வசதி அன்று. மிகப் பலருக்கு அதுவே வங்கி. 2009-இல் தொடங்கிய அந்தச் சேவை, தெருமுனையில் மஞ்சள் குடைக்கும் மரப்பெட்டிக்கும் பின்னால் அமர்ந்திருக்கும் முகவர்களால் வளர்ந்தது. காய்கறி விற்பவர் முகவரிடம் நோட்டுகளைக் கொடுத்தால், ஊரில் இருக்கும் தாயாரின் கைப்பேசிக்கு அடுத்த நொடியில் தொகை ஏறிவிடும். 2018-இல் அந்நிறுவனம் பொதுப் பங்கு வெளியிட்டபோது, மொபைல் பணத்தின் வழியாகவே விண்ணப்பிக்கலாம் என்று ஏற்பாடு செய்ததால், வாழ்நாளில் பங்கு என்ற ஒன்றைப் பார்த்திராத பலர் பங்குதாரர் ஆனார்கள்.

இந்தப் பணப் பரிமாற்றத்தின் மீது 2022 மே மாதம் அரசு 1.5 சதவீத வரியை விதித்தது. மக்கள் மீண்டும் நோட்டுக்குத் திரும்பத் தொடங்கினர். எதிர்பார்த்த வருவாய் வரவில்லை. 2023 தொடக்கத்தில் ஒரு சதவீதமாகக் குறைத்து, 2025-இல் அதை அறவே நீக்கிவிட்டார்கள்.

வங்கிகளைப் பொறுத்தவரை இரண்டு அடிகளை நினைவில் கொள்ளுங்கள். 2017 முதல் 2019 வரை மத்திய வங்கி நடத்திய சீரமைப்பில் பல வங்கிகள் மூடப்பட்டோ இணைக்கப்பட்டோ 23 மட்டுமே எஞ்சின. யுடி வங்கி, கேபிட்டல் வங்கி ஆகிய இரண்டின் பொறுப்புகளையும் ஜிசிபி ஏற்றுக்கொண்டது. அந்தக் காயம் ஆறுவதற்குள், 2022 டிசம்பரில் பணவீக்கம் 54.1 சதவீதத்தைத் தொட்ட நிலையில், அரசு பெரும்பாலான வெளிநாட்டுக் கடன்களுக்குப் பணம் செலுத்துவதை நிறுத்தி, உள்நாட்டுக் கடன் பத்திரங்களையும் குறைந்த வட்டியும் நீண்ட தவணையும் கொண்ட புதிய பத்திரங்களாக மாற்றச் சொன்னது. வங்கிகளின் சொத்தில் பெரும்பகுதி அந்தப் பத்திரங்களாகவே இருந்தது. அரசுக்குக் கடன் கொடுத்தே பிழைத்துப் பழகிய வங்கித் துறைக்கு அது தாங்க முடியாத அடி. 2023 மே மாதம் பன்னாட்டு நாணய நிதியம் 300 கோடி டாலர் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்த பின்னரே நிலைமை மெல்லச் சீரானது. ஆகவே 2022, 2023 ஆண்டுகளின் வங்கிக் கணக்குகளை எடுத்து யார் பெரியவர் என்று வரிசைப்படுத்தினால் தவறான படம் கிடைக்கும்.

பட்டியலில் இல்லாத இன்னொரு பெரிய நிறுவனத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: வோல்டா ஆற்று ஆணையம். நாட்டின் முதல் தலைவரான நிக்ரூமா காலத்தில் கட்டப்பட்ட அகோசம்போ அணையை நடத்துவது அதுதான். ஏறத்தாழ 80,000 பேரை இடம்பெயரச் செய்து உருவான அந்த நீர்த்தேக்கம், பரப்பளவில் உலகின் மிகப் பெரிய செயற்கை ஏரிகளுள் ஒன்று. அணையின் மின்சாரத்தை வாங்குவதற்கென்றே டெமாவில் வால்கோ என்ற அலுமினிய உருக்காலை அமைந்தது. கானாவின் அவாசோவில் பாக்சைட் என்ற அலுமினியத் தாது இருந்தும் அந்த ஆலை வெளிநாட்டு அலுமினாவைக் கொண்டே இயங்கியது; உள்நாட்டு பாக்சைட்டோ தக்கோராடி துறைமுகம் வழியாக அப்படியே கப்பலேறியது. பாக்சைட்டை அலுமினாவாக்கும் இடைநிலை ஆலை நாட்டில் இல்லாததே காரணம். அறுபது ஆண்டுகளாகப் பேசப்படும் இந்த இடைவெளியை உங்கள் ஆய்வேட்டில் ஒரு பத்தியிலாவது எழுதுங்கள்.

மறுமொழி 4: தூத்துக்குடி முந்திரி வணிகர்

நான் படிப்பாளி அல்லன். கானாவிலிருந்து முந்திரிக் கொட்டை இறக்குமதி செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவன். தங்கம், கோகோ, எண்ணெய் என்று மூன்றோடு எல்லோரும் நின்றுவிடுகிறார்கள். நம் ஊரோடு நேரடித் தொடர்புள்ள இரண்டு பொருள்களை யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன்.

சுன்யானி, டெச்சிமான், வென்ச்சி பக்கத்தில் பிப்ரவரி முதல் முந்திரிக் கொட்டை வரத்துத் தொடங்கும். அங்கே விளைவதில் பெரும்பகுதி உடைக்கப்படாமலேயே டெமாவில் கப்பலேறி இந்தியாவுக்கும் வியட்நாமுக்கும் போகிறது. நாங்கள் விலை பேசுவது அவுட்டர்ன் கணக்கில்: 80 கிலோ மூட்டைக் கொட்டையை உடைத்தால் எத்தனை பவுண்டு (தங்கப் பவுண்டு அன்று, வழக்கமான எடைப் பவுண்டு) நல்ல பருப்புத் தேறும் என்பதே அந்தக் கணக்கு. மாதிரிக் கொட்டைகளைக் கத்தரியால் வெட்டி, நல்லது, சுருங்கியது, பூச்சி அரித்தது, எண்ணெய் ஊறிக் கறுத்தது என்று தனித்தனியாக நிறுத்துப் பார்ப்போம். கானாக் கொட்டையில் 47, 48 பவுண்டு வந்தால் மனநிறைவோடு வாங்கலாம். ஒரு பவுண்டு குறைந்தாலும் ஒரு கொள்கலனுக்குப் பெரிய தொகை வேறுபடும் என்பதால், சோதனை மேசையில்தான் வணிகமே முடிவாகிறது.

சோதகர் அண்ணாச்சி கோகோ வாரியத்தின் குறைகளைச் சொன்னார். வாரியமே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை முந்திரியில் பார்க்கலாம். பருவத் தொடக்கத்தில் வாங்க ஆள்கள் போட்டி போட்டால் உழவருக்கு நல்ல விலை. ஏப்ரலில் வரத்துக் குவிந்தாலோ, வியட்நாமில் கொள்முதல் நின்றாலோ அதே கொட்டை அடிமாட்டு விலைக்குப் போகும். கையில் காசில்லாத உழவர் பூ விடும் காலத்திலேயே தரகரிடம் முன்பணம் வாங்கியிருந்தால் அவருக்கு விலை பேசவே வாயிருக்காது. இந்த நிலையை மாற்றத்தான் 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக மரப்பயிர் மேம்பாட்டு ஆணையம் ஒன்றைக் குமாசியில் அமைத்தார்கள். அது முந்திரிக்குக் குறைந்தபட்ச விலையை அறிவிக்கிறது. கோகோ வாரியத்தைப் போல வாங்கி விற்கும் அதிகாரம் அதற்கு இல்லை. விலையை அறிவிப்பது வேறு, அந்த விலைக்கு வாங்குவது வேறு. அதனால்தான், எத்தனை குறையிருந்தாலும் வாரியம் உழவருக்கு ஓர் அரண் என்று நான் நம்புகிறேன்.

மற்றொன்று தேக்கு. நம் மரக்கடைகளில் கானா தேக்கு என்று கேட்டாலே எடுத்துக் காட்டுவார்கள். காட்டு மரங்களை உருளையாக ஏற்றுமதி செய்வதைக் கானா 1990-களின் நடுவில் நிறுத்திவிட்டது. நட்டு வளர்த்த தேக்குக்கு மட்டும் விலக்கு உண்டு. அந்தத் தேக்கை அதிகம் வாங்கும் நாடு இந்தியா. இதையெல்லாம் நடத்துபவர்கள் சிறு வணிகர்கள். எந்த நூறு நிறுவனப் பட்டியலிலும் அவர்களைத் தேட முடியாது.

கேள்வி கேட்டவர்: வணிகவியல் மாணவி

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பங்குச் சந்தை மதிப்பை வைத்து வரிசைப்படுத்தும் எண்ணத்தைக் கைவிட்டு, ஒவ்வொரு தொழிலிலும் பொருளை வாங்கும் உரிமையும் ஏற்றுமதி வருமானமும் யாரிடம் போய்ச் சேருகின்றன என்ற அடிப்படையில் அத்தியாயங்களைப் பிரிக்க நினைக்கிறேன். பெட்ரோலியத்தை மட்டும் யாரும் விரிவாகத் தொடவில்லை. அதைத் தனி அத்தியாயமாக எழுதும் அளவுக்கு விஷயம் உண்டா?

மறுமொழி 5: டெமாவில் பணியாற்றிய கணக்காயர்

உண்டு, அம்மா. ஆனால் தங்கத்தின் அளவுக்கு நீட்ட வேண்டாம்.

மேற்குக் கரைக்கு அப்பால் ஜூபிலி வயல் 2007-இல் கண்டுபிடிக்கப்பட்டு, 2010 இறுதியில் உற்பத்தி தொடங்கியது. அதில் டல்லோ, காஸ்மோஸ் ஆகிய வெளிநாட்டு நிறுவனங்களுடன் கானா தேசிய பெட்ரோலியக் கழகமும் பங்கு வைத்திருக்கிறது. 2016-இல் டென் வயலும், 2017-இல் இத்தாலியின் எனி நடத்தும் சாங்கோஃபா வயலும் சேர்ந்தன. 2019-இல் 7 கோடி பீப்பாய்க்கு மேல் எடுத்த நாடு, 2023-இல் 5 கோடியைக்கூட எட்டவில்லை. இயல்பாகத் தேய்ந்துவரும் வயல்களுக்கு ஈடாகப் புதிய வயல்கள் உற்பத்திக்கு வராததுதான் காரணம். ஐவரி கோஸ்டுடனான கடல் எல்லை வழக்கில் 2017-இல் பன்னாட்டுத் தீர்ப்பாயம் பெரிதும் கானாவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தும் முதலீடு எதிர்பார்த்த வேகத்தில் வரவில்லை.

உங்கள் அத்தியாயத்திற்கு உகந்த பொருள் உற்பத்தி அளவைவிட 2011-ஆம் ஆண்டுப் பெட்ரோலிய வருவாய் மேலாண்மைச் சட்டம் என்று கருதுகிறேன். எண்ணெய் வருமானம் நேராக அரசின் பொதுக் கணக்கில் கரைந்துவிடாமல், ஒரு பகுதி வரவுசெலவுத் திட்டத்திற்கும், ஒரு பகுதி விலை சரியும் காலத்திற்கான நிலைப்படுத்தும் நிதிக்கும், ஒரு பகுதி அடுத்த தலைமுறைக்கான மரபு நிதிக்கும் போக வேண்டும் என்று அச்சட்டம் பிரித்துவைத்தது. தொழிற்சங்கம், சமய அமைப்புகள், பத்திரிகையாளர் சங்கம் முதலியவற்றின் பிரதிநிதிகள் அடங்கிய கண்காணிப்புக் குழு ஒன்று, பணம் எந்தத் திட்டத்திற்குப் போனது, வேலை நடந்ததா என்று நேரில் சென்று பார்த்து அறிக்கை வெளியிடுகிறது. தங்கத்திற்கும் கோகோவுக்கும் இவ்வளவு வெளிப்படையான கணக்கு கிடைப்பதில்லை. அந்தக் குழுவின் ஆண்டு அறிக்கைகள் யாரும் படிக்கக் கிடைக்கின்றன. ஒரே ஓர் ஆண்டின் அறிக்கையை எடுத்து, ஒதுக்கிய தொகையையும் செலவான தொகையையும் துறைவாரியாக ஒப்பிட்டு அட்டவணை தயாரித்துக்கொண்டு எழுதத் தொடங்குங்கள்.